போட்டோ ஸ்கேன் பண்ணும்போது கலர் ஏன் மாறுது, குவாலிட்டி எங்க போகுது? அடிக்கடி வர்ற கேள்விகள்

பழைய ஆல்பத்தை ஸ்கேன் பண்ண உக்காந்தா எல்லாரும் முதல்ல டிபிஐ-ய (ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக்சல் எடுக்கறதுங்கற அளவு) பத்திதான் கேக்குறாங்க, ஆனா பாதி பேருக்கு படம் கெட்டுப் போறது டிபிஐ-னால இல்ல, வேற எங்கயோ. அந்த "வேற எங்கயோ"வையும் சேர்த்து எழுதிருக்கேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன்: ஸ்கேனரோட வேலை படத்தை அழகாக்குறது இல்ல, பேப்பர்ல இருக்கறதை ஒண்ணு விடாம எடுத்துக்கறது. அழகாக்குற வேலையை அப்புறம் காப்பி எடுத்து அதுல பண்ணிக்கலாம். கீழ இருக்கற பதில் பாதிக்கு மேல இதுலேருந்துதான் வருது.

போட்டோவை எத்தனை டிபிஐ-ல ஸ்கேன் பண்றது?

சாதாரண 4×6 இன்ச் பிரிண்ட்னா 600 வச்சுக்கோங்க, அதோட நிம்மதியா இருங்க.

ஏன்னு கணக்கு பாப்போம். 4×6 போட்டோவை 300-ல எடுத்தா 1200×1800 பிக்சல், அதாவது 21 லட்சத்து 60 ஆயிரம். அதே சைஸ்ல திரும்ப பிரிண்ட் போடவும் ஸ்க்ரீன்ல பாக்கவும் இதுவே போதும். 600-ல எடுத்தா 2400×3600, அதாவது 86 லட்சம் சொச்சம், இதை வச்சு 8×12 இன்ச் வரைக்கும் தாராளமா பெருசாக்கலாம். 1200-க்கு போனா பிக்சல் நாலு மடங்கு ஆகும், ஃபைலும் நாலு மடங்கு ஆகும், ஆனா படத்துல புதுசா ஒண்ணும் வராது, ஏன்னா அந்த பிரிண்ட்லயே அவ்வளவு நுணுக்கம் கிடையாது. பேப்பரோட சொரசொரப்பும் தூசியும்தான் பெருசா தெரியும். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்.

விதிவிலக்கு உண்டு. பாஸ்போர்ட் சைஸ் மாதிரி குட்டி போட்டோவை பெருசாக்கணும்னா, இல்ல பெரிய கேமரால எடுத்து நெகட்டிவை அப்படியே பேப்பர் மேல வச்சு போட்ட அந்தக் காலத்து கான்டாக்ட் பிரிண்ட்னா 1200 போய் பாக்கலாம், அதுல நிஜமாவே நிறைய விவரம் ஒளிஞ்சிருக்கும். சந்தேகமா இருந்தா முழுப் படத்தையும் எடுக்காதீங்க, முகம் இருக்கற சின்ன சதுரத்தை மட்டும் செலக்ட் பண்ணி 300, 600, 1200 மூணுலயும் எடுத்து மூணையும் ஒரே சைஸ்ல பக்கத்துல வச்சு பாருங்க. எதுக்கு மேல வித்தியாசம் தெரியலையோ அங்க நிறுத்திக்கோங்க.

பெட்டி மேல 19200 டிபிஐ-னு போட்டிருக்கே, அப்ப அது சூப்பர் ஸ்கேனரா?

இல்ல. "ஆப்டிக்கல்"னு பக்கத்துல எழுதிருக்கற நம்பரை மட்டும் பாருங்க. அதுதான் சென்சார் நிஜமா பாத்து எடுக்கறது. அதுக்கு மேல இருக்கறது எல்லாம் ரெண்டு பிக்சலுக்கு நடுவுல "இங்க இப்படித்தான் இருக்கும்"னு சாஃப்ட்வேர் ஊகிச்சு நிரப்பறது. இல்லாத ஊருக்கு வழி சொல்ற கதைதான்.

இன்னொரு வேடிக்கை, 4800×9600-னு ரெண்டு நம்பர் போட்டிருப்பாங்க. சின்ன நம்பர் சென்சாரோடது, பெரிய நம்பர் அந்த சென்சாரை தள்ளிட்டு போற மோட்டார் எவ்வளவு சின்ன அடியா எடுத்து வைக்குதுங்கறது. மோட்டார் சின்ன அடி வச்சா படம் ஷார்ப்பாகிடாது. ஆப்டிக்கல் நம்பர்லயே கூட லென்ஸும் ஃபோகஸும் கண்ணாடியும் கொஞ்சம் தின்னுடும், சொன்ன அளவு முழுசா கைக்கு வராது.

ஸ்கேன் பண்ணின ஃபைல் 72 டிபிஐ-னு காட்டுது, 300-ன்னு மாத்தினா குவாலிட்டி ஏறுமா?

ஏறாது. அது ஃபைலுக்குள்ள ஒட்டியிருக்கற ஒரு சீட்டு மாதிரி, "பிரிண்ட் போட்டா ஒரு இன்ச்சுக்கு இத்தனை பிக்சல் வை"ன்னு சொல்லும், அவ்வளவுதான். 2400×3600 பிக்சல் இருக்கற ஃபைல்ல 72-னு இருந்தா என்ன 300-னு இருந்தா என்ன, பிக்சல் அதேதான். மாத்தும்போது "ரீசாம்பிள்" டிக் மட்டும் போட்டுடாதீங்க, போட்டா நிஜமாவே பிக்சலை கூட்டிக் குறைக்க ஆரம்பிச்சிடும்.

கையில இருக்கற போட்டோ ஒரு கலர், ஸ்க்ரீன்ல வேற கலர். ஸ்கேனர் ரிப்பேரா?

பெரும்பாலும் இல்ல. இதுல நாலு ஆள் சேர்ந்து விளையாடுறாங்க, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

முதல் ஆள் உங்க ரூம் வெளிச்சம். மஞ்சள் பல்புக்கு கீழ போட்டோவைப் பாத்தா எல்லாமே கொஞ்சம் மஞ்சளாத்தான் இருக்கும், ஆனா நம்ம மூளை அதை தானா சரிபண்ணிக்கிட்டு "இது வெள்ளை"ன்னு சொல்லிடும். பக்கத்துல மானிட்டர் தன் சொந்த வெளிச்சத்துல நீலம் கலந்த வெள்ளையை காட்டும். ரெண்டையும் மாறி மாறி பாத்தா ஒத்துப் போகவே போகாது. ஒப்பிடணும்னா பகல்ல ஜன்னல் பக்கம், வெயில் நேரா விழாத இடத்துல போட்டோவை வச்சு பாருங்க.

ரெண்டாவது ஆள் மானிட்டர். கடையிலேருந்து வரும்போதே பளிச்சுனு தெரியணும்னு பிரைட்னஸை உச்சத்துல வச்சிருப்பாங்க. அதைப் பாத்து "படம் ரொம்ப வெளிறிப் போச்சே"ன்னு நீங்க கருப்பாக்குவீங்க, அப்புறம் பிரிண்ட் போட்டா கரியா வரும். பிரைட்னஸை குறைச்சு, கலர் மோடை எஸ்ஆர்ஜிபி (அது என்னன்னு கீழ சொல்றேன்), இல்லேன்னா 6500 கெல்வின்னு (வெள்ளையோட சாயலைக் குறிக்கற அளவு) வச்சாலே பாதி பிரச்சனை போயிடும். மானிட்டர் மேல மாட்டி அளக்கற கேலிபிரேட்டர் கிடைச்சா இன்னும் நல்லது. போன் ஸ்க்ரீன்ல "விவிட்" மோட் போட்டுட்டு கலர் ஜட்ஜ் பண்றவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல.

மூணாவது, ஸ்கேனரோட கண்ணும் நம்ம கண்ணும் ஒண்ணு கிடையாது. நமக்கும் மூணு வகை உணர்வி, ஸ்கேனருக்கும் சிவப்பு பச்சை நீலம்னு மூணு, ஆனா எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு உணரணும்ங்கறது ரெண்டுக்கும் வேற வேற. அதனால நமக்கு ஒரே மாதிரி தெரியற ரெண்டு துணி ஸ்கேனருக்கு ரெண்டு கலரா தெரியலாம். ஃப்ளோரசென்ட் ஹைலைட்டர் பேனா ஸ்கேன்ல செத்துப் போன மாதிரி வர்றதும் இதுமாதிரிதான், அந்த ஒளிர்வை தூண்டற வெளிச்சம் ஸ்கேனர் விளக்குல சரியா இருக்காது. தங்க எழுத்து அழுக்குப் பிரவுனா வர்றது வேற காரணம்: விளக்கு சாய்வா அடிக்குது, தங்கத் தகடு கண்ணாடி மாதிரி அந்த வெளிச்சத்தை வேற பக்கம் தள்ளிடுது, சென்சாருக்கு ஒண்ணும் வந்து சேர்றதில்ல.

நாலாவது ஆள் ப்ரொஃபைல். ஸ்கேனர் குடுக்கற நம்பர் வெறும் நம்பர், அது எந்தக் கலர்னு சொல்றது ஐசிசி ப்ரொஃபைல். அதை ஃபைல்ல சேர்க்காம விட்டா ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தனக்கு தோணின அர்த்தத்தை எடுத்துக்கும். ஸ்கேன் சாஃப்ட்வேர்ல "ப்ரொஃபைலை சேர்"ங்கற ஆப்ஷன் இருந்தா டிக் போட்டு வைங்க. இன்னும் துல்லியமா வேணும்னா ஐடி8-னு ஒரு கலர் அட்டை கிடைக்கும், அதுல ஒவ்வொரு கட்டத்தோட கலரும் அளந்து ஃபைலா குடுத்திருப்பாங்க, அதை ஸ்கேன் பண்ணினா உங்க ஸ்கேனர் எங்க தப்பு பண்ணுதுன்னு சாஃப்ட்வேர் கண்டுபிடிச்சு ப்ரொஃபைல் செஞ்சு குடுத்துடும். வீட்டு ஆல்பத்துக்கு இது கட்டாயம் இல்ல, ஓவியத்தை ஸ்கேன் பண்றவங்களுக்கு கட்டாயம்னே சொல்லுவேன்.

எஸ்ஆர்ஜிபி-யா அடோபி ஆர்ஜிபி-யா?

ரெண்டுமே எந்த நம்பர் எந்தக் கலர், எவ்வளவு கலர் அடங்கும்னு சொல்ற அளவுகோல். எதுன்னு தெரியலைன்னா எஸ்ஆர்ஜிபி. 1996-ல எச்பி-யும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து கொண்டு வந்தது, வெப், போன், சாதா மானிட்டர் எல்லாமே அதைத்தான் எதிர்பார்க்குது. 1998-ல வந்த அடோபி ஆர்ஜிபி-ல பச்சையும் நீலப்பச்சையும் இன்னும் அகலமா அடங்கும்ங்கறது உண்மை, ஆனா ப்ரொஃபைலை மதிக்காத ஆப்ல திறந்தா படம் சோகை பிடிச்ச மாதிரி வெளிறித் தெரியும். மங்கின குடும்ப போட்டோல அந்த அகலத்துக்கு வேலையே இல்ல. ஸ்லைடு (ப்ரொஜெக்டர்ல போட்டு பாக்கற ஃபிலிம்), ஓவியம், அப்புறம் பெரிய பிரிண்ட் போடப் போறீங்கன்னா யோசிக்கலாம்.

ஆட்டோ கலர், ஆட்டோ டோன், "மங்கிய நிறத்தை மீட்டெடு" எல்லாம் ஆன் பண்ணலாமா?

நான் பண்ணினேன், பட்டேன். ஒரு ஆல்பம் முழுக்க, கிட்டத்தட்ட 200 போட்டோ, ஆட்டோவை ஆன்ல வச்சே ரெண்டு நாள் உக்காந்து முடிச்சேன், அப்புறம் வரிசையா போட்டு பாத்தா ஒரே நாள்ல ஒரே இடத்துல எடுத்த பத்து படம் பத்து கலர்ல இருக்கு, சாயங்கால வெளிச்சத்துல எடுத்த படத்துல இருந்த அந்த செம்மஞ்சளை "இது தப்பு"ன்னு நினைச்சு சாம்பலாக்கி வச்சிருக்கு, வெள்ளை சட்டைல மடிப்பே காணோம். எல்லாத்தையும் திரும்ப எடுத்தேன்.

ஆட்டோ என்ன பண்ணுதுன்னா ஒவ்வொரு படத்துலயும் ரொம்ப வெளிச்சமான இடத்தை வெள்ளைன்னும் ரொம்ப இருட்டான இடத்தை கருப்புன்னும் எடுத்துக்கிட்டு ரெண்டு பக்கமும் இழுக்கும். படத்தோட ஓரத்துல கண்ணாடியோட வெறும் பகுதி கொஞ்சம் வந்தா அதையும் கணக்குல எடுத்து எல்லாத்தையும் தப்பாக்கும். இழுத்ததுல வெள்ளைக்கு மேல போனது எல்லாம் 255-னு ஒரே நம்பரா ஆயிடும், கருப்புக்கு கீழ போனது எல்லாம் 0. அதுக்குள்ள இருந்த துணி மடிப்பு, தலைமுடி இழை எதுவும் அப்புறம் எந்த சாஃப்ட்வேர்லயும் திரும்பி வராது. இதைத்தான் கிளிப்பிங்னு சொல்றது.

அதனால ஹிஸ்டோகிராம் பாக்கப் பழகிக்கோங்க. எந்த வெளிச்ச அளவுல எத்தனை பிக்சல் இருக்குன்னு காட்டற, மலை மாதிரி ஒரு படம் தெரியுமே அதான். இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம். மலையோட அடிவாரம் ரெண்டு பக்கமும் சுவரைத் தொடாம கொஞ்சம் இடம் விட்டு முடியணும். சுவர்ல போய் முட்டி ஊசி மாதிரி நின்னா அங்க விவரம் வெட்டுப்பட்டுடுச்சுன்னு அர்த்தம். ப்ரிவியூ பாத்துட்டு கருப்பு முனையையும் வெள்ளை முனையையும் மலைக்கு கொஞ்சம் வெளிய தள்ளி வைங்க. அப்படி எடுத்த ஸ்கேன் பாக்க டல்லாத்தான் இருக்கும், பயப்படாதீங்க, டல்லா இருக்கறதை பளிச்சுனு ஆக்க ஒரு நிமிஷம் போதும்.

சொல்லிட்டேன்னு ஆட்டோவே கூடாதுன்னு இல்ல. வாட்ஸப்ல அனுப்ப ஒரே ஒரு படம்னா தாராளமா போடுங்க.

24 பிட், 48 பிட் - வித்தியாசம் கண்ணுக்கு தெரியுமா?

நேரா பாத்தா தெரியாது. திருத்தும்போதுதான் தெரியும்.

24 பிட்னா சிவப்பு பச்சை நீலம் ஒவ்வொண்ணுக்கும் 8 பிட், அதாவது 256 படி. மூணையும் பெருக்கினா 1 கோடியே 67 லட்சம் சொச்சம் கலர். 48 பிட்னா ஒவ்வொண்ணுக்கும் 65,536 படி. இப்ப ஒரு மங்கின போட்டோவை எடுத்துக்கோங்க, அதுல கருப்பும் இல்ல வெள்ளையும் இல்ல, எல்லாமே நடுவுல 90-லேருந்து 190-க்குள்ள கிடக்கு. 24 பிட்ல எடுத்திருந்தா உங்ககிட்ட இருக்கறதே நூறு படிதான், அதை 256-க்கு இழுத்தா நடுநடுவுல ஓட்டை விழும், வானம் மாதிரி மெல்ல மாறுற இடத்துல பட்டை பட்டையா கோடு தெரியும். 48 பிட்ல எடுத்திருந்தா அதே இடத்துல ஆயிரக்கணக்கான படி இருக்கும், எவ்வளவு இழுத்தாலும் தாங்கும்.

ஆகவே நல்லா இருக்கற போட்டோவுக்கு 24 போதும், மங்கினது, ஸ்லைடு, நெகட்டிவ் இதுக்கெல்லாம் 48. ஃபைல் ரெண்டு மடங்காகும்: 600 டிபிஐ 4×6 படம் கம்ப்ரெஸ் பண்ணாம 24 பிட்ல கிட்டத்தட்ட 26 எம்பி, 48 பிட்ல 52.

இந்த பிட் கதை ஸ்கேனர் பிறந்த நாள்லேருந்தே இருக்கு. 1957-ல அமெரிக்காவுல ரஸ்ஸல் கிர்ஷ்ங்கறவர் தன்னோட மூணு மாசக் குழந்தை போட்டோவை கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தினாரு, 5 செ.மீ. சதுரம், 176×176 பிக்சல். அந்த மெஷினுக்கு கருப்பு, வெள்ளைன்னு ரெண்டே ரெண்டுதான் தெரியும், அதனால வெளிச்ச அளவை மாத்தி மாத்தி பல தடவை ஸ்கேன் பண்ணி ஒண்ணா சேர்த்துத்தான் சாம்பல் நிறத்தை கொண்டு வந்தாங்க.

டிமேக்ஸ், டைனமிக் ரேஞ்ச்னு போட்டிருக்காங்களே, அது எதுக்கு?

ஸ்கேனரால எவ்வளவு இருட்டுக்குள்ள பாக்க முடியும்ங்கறதுக்கான அளவு. 1-னா வெளிச்சத்துல பத்துல ஒரு பங்குதான் திரும்பி வருது, 2-னா நூத்துல ஒண்ணு, 3-னா ஆயிரத்துல ஒண்ணு. பேப்பர் பிரிண்ட்ல கருப்பு சுமார் 2-ஐ சுத்திதான் இருக்கும், அதை எந்த சாதா ஸ்கேனரும் சமாளிச்சிடும். ஸ்லைடுல 3-ஐ தாண்டிடும், அங்கதான் மலிவான ஸ்கேனர் திணறும், நிழல்ல விவரத்துக்கு பதிலா கலர் கலரா மண்ணு தூவின மாதிரி நாய்ஸ் வரும். கம்பெனிங்க போடற நம்பரை அப்படியே நம்பாதீங்க, பல தடவை அது கணக்குல வந்த நம்பர், அளந்து வந்தது இல்ல.

பழைய கலர் போட்டோ எல்லாம் சிவந்து போயிருக்கு, ஸ்கேன்ல சரி பண்ண முடியுமா?

நிறைய சரி பண்ணலாம், காரணம் தெரிஞ்சா சுலபம்.

கலர் பிரிண்ட்ல சயான், மெஜந்தா, மஞ்சள்னு மூணு சாயம் அடுக்கடுக்கா இருக்கு. மூணும் ஒரே வேகத்துல மங்கறதில்ல. 1970-கள் காலத்து பேப்பர் நிறைய அப்படித்தான், ஆல்பத்துக்குள்ள இருட்டுல இருந்தாலும் சயான் முதல்ல போயிடும். சயானோட வேலை சிவப்பு வெளிச்சத்தை விழுங்கறது. விழுங்க ஆள் இல்லேன்னா சிவப்பு எல்லாம் திரும்பி வருது, படம் முழுக்க சிவக்குது. அதாவது சிவப்பு கூடிடல, அதை அடக்கற சாயம் குறைஞ்சிடுச்சு.

ஸ்கேன் பண்ணி சிவப்பு, பச்சை, நீலம்னு ஒவ்வொரு சானலோட ஹிஸ்டோகிராமையும் தனித்தனியா பாருங்க. பச்சையும் நீலமும் ஓரளவு பரவியிருக்கும், சிவப்பு மட்டும் வலது பக்கம் ஒதுங்கி, இடது பக்கம் காலியா கிடக்கும். போட்டோஷாப்லயோ கிம்ப்லயோ லெவல்ஸைத் திறந்து சிவப்பு சானலோட கருப்பு முனையை மலை ஆரம்பிக்கற இடத்துக்கு நகர்த்துங்க, மத்த ரெண்டு சானலுக்கும் அதே மாதிரி. முக்கால்வாசி கலர் எழுந்து வந்துடும், முதல் தடவை பாக்கறப்ப மந்திரம் மாதிரி இருக்கும். அப்புறம் நடு முனையை கொஞ்சம் ஆட்டி முகத்தோட நிறத்தை பிடிங்க. ஆனா இதுக்கெல்லாம் 48 பிட்ல, ஆட்டோ இல்லாம எடுத்த ஸ்கேன் வேணும், மேல நான் கத்தினதுக்கு காரணம் இதுதான். வெயில் பட்டு சுவர்ல மாட்டியிருந்த படம் வேற மாதிரி மங்கும், இடத்துக்கு இடம் வித்தியாசமா இருக்கும், அதுக்கு ஒரே இழுப்புல தீர்வு கிடைக்காது.

கருப்பு வெள்ளை போட்டோவை கிரேஸ்கேல்லதானே எடுக்கணும்?

கலர்லயே எடுங்க. ரெண்டு காரணம். ஒண்ணு, பழைய கருப்பு வெள்ளை நிஜத்துல கருப்பு வெள்ளை இல்ல, இளம்பழுப்பு, செபியா, ஓரத்துல நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்புன்னு ஏதாவது ஒண்ணு இருக்கும், அதுவும் அந்த படத்தோட அடையாளம்தான்.

ரெண்டாவது காரணம்தான் சுவாரசியம். மஞ்சள் கறை நீல வெளிச்சத்தை விழுங்கும், சிவப்பை விட்டுடும். அதனால கலர்ல எடுத்து, சிவப்பு சானலை மட்டும் தனியா எடுத்து கருப்பு வெள்ளையா வச்சா பழைய செல்லோடேப் கறையும் மஞ்சள் திட்டும் பாதிக்கு மேல காணாம போயிடும். படத்து மேல சிவப்பு மையில முத்திரை குத்திருந்தாலும் சிவப்பு சானல்ல மறைஞ்சிடும். நீலப் பேனா கிறுக்கலுக்கு நீல சானல். கிரேஸ்கேல்ல எடுத்துட்டா இந்த வழியே அடைபட்டுடும்.

ஜேபெக்கா டிஃபா?

மூலக் காப்பி டிஃப் (எதையும் தூக்கிப் போடாம சேவ் பண்ற ஃபைல் வகை), பிறத்தியாருக்கு அனுப்பறது ஜேபெக்.

ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டமா வெட்டி, நம்ம கண்ணு கவனிக்காதுன்னு அது நினைக்கிற நுணுக்கத்தை தூக்கிப் போட்டுடும். கலர் விவரத்தை இன்னும் கஞ்சத்தனமா வைக்கும், பெரும்பாலும் நாலு பிக்சலுக்கு ஒரு கலர் சாம்பிள்தான். ஒரு தடவை உயர்ந்த குவாலிட்டில சேவ் பண்ணினா யாருக்கும் தெரியாது. ஆனா திறந்து, திருத்தி, சேவ் பண்ணி, மறுபடி திறந்துன்னு போனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். சும்மா திறந்து பாத்து மூடினா தேயாது, அந்த பயம் வேண்டாம். அப்புறம் ஒண்ணு, நாம பயன்படுத்தற ஜேபெக் ஒரு சானலுக்கு 8 பிட்தான் வச்சிருக்கும், 48 பிட்ல ஸ்கேன் பண்ணி ஜேபெக்ல சேவ் பண்ணினா அந்த கூடுதல் எல்லாம் அப்பவே போச்சு. டிஃப் ரொம்ப பெருசா இருக்குன்னா பிஎன்ஜி-யும் இழப்பில்லாததுதான், 16 பிட் சானலையும் தாங்கும்.

பத்திரிகைல வந்த படத்தை ஸ்கேன் பண்ணினா அலை அலையா கோலம் மாதிரி வருதே?

அதுக்கு பேரு மொய்ரே. அச்சடிச்ச படம் நிஜத்துல சின்னச் சின்னப் புள்ளி, சயான் மெஜந்தா மஞ்சள் கருப்புன்னு நாலு கலர் புள்ளி ஒவ்வொரு சாய்வுல. ஸ்கேனரோட பிக்சலும் ஒரு கட்டம். கட்டம் மேல கட்டம் உக்கார்றப்ப மூணாவதா ஒரு கோலம் பிறக்குது, ரெண்டு கொசுவலையை ஒண்ணு மேல ஒண்ணு போட்டா தெரியுமே அதே சங்கதி. சாஃப்ட்வேர்ல டீஸ்க்ரீன் ஆப்ஷன் இருக்கும், ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளி வரிசைங்கற கணக்குல செய்தித்தாளுக்கு 85, பத்திரிகைக்கு 133, இல்லேன்னா 150-னு தேர்ந்தெடுக்கலாம். எனக்கு பிடிச்ச வழி வேற, 600-க்கு மேல எடுத்து, லேசா பிளர் பண்ணி, அப்புறம் பாதியா மூணுல ஒண்ணா சுருக்கறது. டீஸ்க்ரீனை நிஜ போட்டோவுக்கு போட்டுடாதீங்க, அநியாயத்துக்கு மழுங்கிடும்.

படத்துல புள்ளி, கோடு, வானவில் வளையம் எல்லாம் வருது?

எப்படி வருதுங்கறதை வச்சே காரணத்தை சொல்லிடலாம். எல்லா ஸ்கேன்லயும் ஒரே இடத்துல புள்ளினா கண்ணாடில அழுக்கு. மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே நேர்கோடுனா, பேப்பரை தானா இழுத்துக்கற ஃபீடர் ஸ்கேனர்ல சென்சார் பாக்கற அந்த ஒல்லிக் கண்ணாடில ஒரே ஒரு துகள் ஒட்டியிருக்கும், பேப்பர் நகருது துகள் நகரலை, அதான் கோடாகுது. பழைய போட்டோவை ஃபீடர்ல விடவே கூடாதுங்கறது என் கட்சி, கீறல் விழுந்தா யாரு பொறுப்பு?

எண்ணெய் மிதக்கற தண்ணி மாதிரி வளையம் வந்தா அது நியூட்டன் வளையம். வழவழப்பான போட்டோவோ ஃபிலிமோ கண்ணாடியை லேசா தொட்டும் தொடாம இருக்கறப்ப நடுவுல இருக்கற மெல்லிய காத்து இடைவெளியால வர்றது. ஃபிலிம்னா ஹோல்டர்ல வச்சு கண்ணாடியிலேருந்து தூக்கிடுங்க. போட்டோனா கொஞ்சம் இடம் மாத்தி வச்சு பாருங்க.

தேன்கூடு மாதிரி மேடுபள்ளம் போட்ட பேப்பர் போட்டோனா ஒவ்வொரு மேடும் ஒரு வெள்ளைப் புள்ளியா மின்னும். ஒரு தடவை நேரா, ஒரு தடவை 180 டிகிரி திருப்பி வச்சு எடுத்து, ரெண்டையும் மேல மேல பொருத்தி சராசரி எடுத்தா நல்லா குறையும். பொறுமை வேணும். மெல்லிசான பேப்பர்ல பின்பக்க எழுத்து தெரிஞ்சா பின்னாடி ஒரு கருப்பு அட்டை வைங்க, தீர்ந்தது.

கண்ணாடி துடைக்கறப்ப திரவத்தை நேரா கண்ணாடில அடிக்காதீங்க, ஓரமா உள்ள இறங்கி அடிப்பக்கம் படலம் கட்டிடும். துணில லேசா நனைச்சு துடைங்க.

நெகட்டிவ் இருக்கு, பிரிண்டும் இருக்கு. எதை ஸ்கேன் பண்றது?

நெகட்டிவ் கெடாம இருந்தா நெகட்டிவ்தான். பிரிண்ட்ங்கறது அதோட ஒரு நகல், ஓரமும் கொஞ்சம் வெட்டியிருப்பாங்க, நிழல் வெளிச்சம் ரெண்டுலயும் நெகட்டிவ்ல இருக்கற அளவு பிரிண்ட்ல இருக்காது.

35 மி.மீ. ஃபிலிம்ல ஒரு ஃப்ரேம் 24×36 மி.மீ.தான், அதனால இங்க 600 எல்லாம் பத்தாது. 2400-ல எடுத்தா சுமார் 77 லட்சம் பிக்சல், 4000-ல 2 கோடியே 14 லட்சம். கலர் நெகட்டிவ் ஆரஞ்சா இருக்கறது அழுக்கு இல்ல, சாயங்களோட குறையை ஈடுகட்ட வேணும்னே வச்ச மாஸ்க். சாஃப்ட்வேர்ல "கலர் நெகட்டிவ்"னு தேர்ந்தெடுத்தா அதை கழிச்சு திருப்பிக் குடுக்கும். சும்மா ஸ்கேன் பண்ணி இன்வெர்ட் மட்டும் போட்டா படம் முழுக்க நீலமா வந்து நிக்கும்.

தூசிக்கு டிஜிட்டல் ஐஸ்னு ஒரு வசதி சில ஸ்கேனர்ல இருக்கு, அது கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்துல ஒரு தடவை கூடுதலா பாக்கும். கலர் ஃபிலிம் சாயம் அந்த வெளிச்சத்தை விட்டுடும், தூசி தடுக்கும், அதனால எது தூசின்னு தெரிஞ்சு அதை மட்டும் அழிக்கும். வழக்கமான கருப்பு வெள்ளை ஃபிலிம்ல படமே வெள்ளித் துகள், அதுவும் தடுக்கும், அங்க இதை ஆன் பண்ணினா படத்தையே தூசின்னு நினைச்சு சுரண்டும். கோடாக் கம்பெனியோட பழைய கோடாக்ரோம் ஸ்லைடுலயும் இதே குழப்பம் வரலாம், கவனமா இருங்க.

சிசிடி, சிஐஎஸ் - எது வாங்கறது?

ரெண்டும் ஸ்கேனருக்குள்ள இருக்கற சென்சாரோட வகை. ஸ்கேனர் ஒல்லியா தட்டையா இருந்தா பெரும்பாலும் சிஐஎஸ், தடிமனா இருந்தா சிசிடி. சிஐஎஸ்-ல சென்சார் கண்ணாடிக்கு ஒட்டி ஓடும், கண்ணாடியை தொட்டுக்கிட்டிருக்கறது மட்டும்தான் ஷார்ப், ரெண்டு மூணு மி.மீ. தூக்கிட்டாலே மங்கிடும். சுருண்ட போட்டோ, தடிப் புத்தகத்தோட நடு மடிப்பு, பிரேமுக்குள்ள ஒட்டிப் போய் கழட்ட முடியாத படம் இதெல்லாம் சிசிடி-க்கு தான் சரி. தட்டையான டாக்குமென்ட்டும் நேரான போட்டோவும் மட்டும்னா சிஐஎஸ் போதும். பழைய மாடல் சிசிடி-ல ட்யூப் விளக்கு இருந்தா ஆன் பண்ணி கொஞ்ச நேரம் சூடாக விடுங்க, முதல் ரெண்டு ஸ்கேன்ல கலர் நிலையா இருக்காது.

போன்லயே ஒரு க்ளிக் அடிச்சா போதாதா?

சேதி சொல்ல போதும், பாதுகாக்க போதாது. பளபளப்பு விழும், ஒரு மூலை வெளிச்சமா ஒரு மூலை இருட்டா இருக்கும், நேர் விளிம்பு வளையும், போதாக்குறைக்கு போனே ஷார்ப்பன், நாய்ஸ் குறைப்புன்னு முகத்தை மாவு பூசின மாதிரி ஆக்கி வச்சிடும். கண்ணாடி பிரேம்லேருந்து எடுக்க முடியாத படம்னா வேற வழியில்ல, அப்ப ஃப்ளாஷை அணைச்சுட்டு, ரெண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் சாய்வா விழற மாதிரி வச்சு, கொஞ்சம் தள்ளி நின்னு லேசா ஜூம் பண்ணி எடுங்க.

ஸ்கேனர்லயே ஷார்ப்பன் ஆன் பண்ணவா?

வேண்டாம். ஷார்ப்பன்ங்கறது விளிம்புல ஒரு பக்கம் கருப்பையும் ஒரு பக்கம் வெளுப்பையும் கூட்டறது, விவரம் ஒண்ணும் புதுசா வராது, ஆனா தூசியும் கிரெயினும் முதல்ல எழுந்து நிக்கும். எல்லாத் திருத்தமும் முடிஞ்சு, கடைசி சைஸுக்கு மாத்தின அப்புறம் கொஞ்சமா போடுங்க.

ஸ்கேன் முடிஞ்சிடுச்சு, ஒரிஜினலை தூக்கிப் போடலாமா?

ஐயோ, போடாதீங்க! நானே அந்த 200 போட்டோவை ரெண்டாம் தடவை எடுக்க முடிஞ்சது ஒரிஜினல் இருந்ததாலதான். நெகட்டிவை கட்டாயம் வைங்க. ஈரம் இல்லாத, இருட்டான, சூடு ஏறாத இடம், போட்டோவுக்கு போட்டோ நடுவுல அமிலமில்லாத பேப்பர், ஒட்டுப் பேப்பர் ஆல்பமும் செல்லோடேப்பும் பக்கத்துலயே வரக்கூடாது. பின்பக்கம் யாராவது பேரோ தேதியோ எழுதிருந்தா அதையும் ஒரு ஸ்கேன் எடுத்து அதே ஃபைல் பேரோட பக்கத்துல வச்சிடுங்க, அதுக்கு 300 டிபிஐ போதும்.